ஆராய்ச்சிக் கட்டுரையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது எப்படி

அம்மாவுக்கு முழங்கால் வலி. நங்கநல்லூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது, அதனால் எங்கள் வீட்டில் தினமும் அதைப் பற்றித்தான் பேச்சு. எலும்பு டாக்டர் மற்ற மாத்திரைகளோடு குளுக்கோசமைன் என்ற மூட்டு வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் சித்தப்பா ஒரு லிங்க் போட்டார்: "மெட்டா அனாலிசிஸ்ல நிரூபிச்சிருக்காங்க அண்ணி, தைரியமா சாப்பிடுங்க."

நான் டாக்டர் இல்லை. தரமணியில், வெளிநாட்டு மருத்துவ ஜர்னல்களுக்கு டைப்செட்டிங்கும் காப்பி எடிட்டிங்கும் செய்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் பதினாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். சென்னையில் இது சத்தமில்லாமல் நடக்கும் பெரிய தொழில். எங்கேயோ அச்சாகிற ஜர்னலுக்கு இங்கே ராத்திரி ஷிப்டில் ஒருவர் கமா போட்டுக்கொண்டிருப்பார். ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது, ஆனால் ஒரு கட்டுரையில் எந்த விஷயம் எந்த இடத்தில் சின்ன எழுத்தில் போய் உட்காரும் என்பது தெரியும். அந்த அளவுக்கு உங்களுக்கும் தெரிந்தால் இப்படி வரும் லிங்குகளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகம் முழுக்க நடந்த சோதனைகளை, எதைச் சேர்ப்போம் எதை விடுவோம் என்று முன்கூட்டியே விதி எழுதி வைத்துக்கொண்டு, தேடிப் பிடித்து, தரம் பார்த்து, ஒன்றாக எடை போட்டால் அது சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. அதில் எண்களையும் சேர்த்து ஒரே விடையாக்கினால் மெட்டா அனாலிசிஸ். ஒற்றைச் சோதனையைவிட இதற்கு மதிப்பு அதிகம், நியாயம்தான். ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சட்டியில் போட்டது யார், அதாவது சோதனைகளைப் பணம் கொடுத்து நடத்தியது யார், அகப்பையைப் பிடித்தது யார், அதாவது ரிவ்யூவை எழுதியது யார் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் இரண்டாவதை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, லிங்கைத் திறங்கள். சுருக்கத்தைப் படிக்காதீர்கள், நேராகக் கடைசிக்குப் போங்கள். நூற்பட்டியலுக்குச் சற்று மேலே ஃபண்டிங், டிஸ்க்ளோஷர்ஸ், காம்பீட்டிங் இன்ட்ரஸ்ட்ஸ், கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் என்று ஏதோ ஒரு தலைப்பு இருக்கும், ஜர்னலுக்கு ஜர்னல் பெயர் மாறும். தமிழில் இதை நல முரண் என்கிறார்கள், முடிவு எப்படி வருகிறது என்பதில் எழுதியவருக்கே லாப நஷ்டம் இருக்கும் நிலை. முழுக் கட்டுரையும் காசு கட்டினால்தான் திறக்கும் என்றால், கட்டுரையின் தலைப்பைப் பப்மெட் என்ற இலவச மருத்துவக் கட்டுரைத் தளத்தில் தேடுங்கள். 2017 முதல் பல கட்டுரைகளுக்கு இந்த அறிக்கையைச் சுருக்கத்துக்குக் கீழேயே காட்டுகிறார்கள், ஜர்னல் அதைக் கொடுத்திருந்தால். அப்புறம் மேலே போய் ஆசிரியர்களின் முகவரியைப் பாருங்கள். ஆசிரியர் மருந்து கம்பெனியின் ஊழியர் என்றால் அதன் பெயர் பெரும்பாலும் அங்கே நேராகவே இருக்கும், நாம்தான் முகவரி என்று தாண்டிப் போய்விடுகிறோம். மூன்றாவதாக நன்றியுரை. "எழுத்து உதவி வழங்கிய இன்னாருக்கு நன்றி, அதற்கான செலவை இன்ன கம்பெனி ஏற்றது" என்ற வரி இருந்தால், முதல் வரைவை ஆசிரியர்கள் அல்லாத ஒருவர் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு.

இந்த அறிக்கைகள் எப்படி உருவாகின்றன என்று உள்ளிருந்து பார்த்தவன் சொல்கிறேன். கட்டுரை எங்களிடம் வரும்போது சில சமயம் அந்தப் பகுதியே இருக்காது. புரூஃபில் ஆசிரியருக்கு ஒரு கேள்வி போடுவோம், ஏக்யூ என்போம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பச் சொல்லியிருப்பார்கள், அவர் விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு "எதுவும் இல்லை" என்று அடித்து அனுப்பிவிடுவார். ஒரு முறை முதல் பக்க முகவரியில் கம்பெனி பெயர், கடைசிப் பக்கத்தில் "நல முரண் எதுவும் இல்லை". அதே ஏக்யூவை மறுபடி போட்டேன், முகவரி வரியைச் சுட்டிக்காட்டி. இரண்டு நாள் கழித்து நாலு வரி வந்தது: மூன்று பேர் அந்தக் கம்பெனியின் ஊழியர்கள், ஒருவரிடம் அதன் பங்குகள். பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் வாங்குவதை அவர்கள் முரண் என்றே நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் நீளமான பட்டியலைப் பார்த்து பயப்படுவதும், "இல்லை" என்பதைப் பார்த்து நிம்மதியாவதும் இரண்டுமே தப்பு. பட்டியலில் பார்க்க வேண்டியது, இந்த மருந்தை விற்கும் கம்பெனியோடு உறவு உண்டா என்பதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் வேறு மருந்துக்காக ஒரு கூட்டத்தில் பேசியது ஒரு ரகம், இதே மாத்திரைக்கு ஆலோசகராக இருப்பது வேறு ரகம். ஆசிரியர் அமெரிக்க டாக்டராக இருந்தால் ஓபன் பேமென்ட்ஸ் என்ற அரசுத் தளத்தில் பெயரைப் போட்டு, எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்று பார்க்கலாம், 2013 முதல் கணக்கு இருக்கிறது. நம்மூர் டாக்டர்களுக்கு அப்படிப் பொதுமக்கள் தேடிப் பார்க்கும் பட்டியல் கிடையாது. மருந்து கம்பெனி ரெப் வந்து போன கதையெல்லாம் வெயிட்டிங் ஹாலில் நாம் பார்ப்பதோடு சரி.

இதெல்லாம் உண்மையிலேயே முடிவை மாற்றுமா என்று கேட்டால், மாற்றுகிறது. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றிய 185 மெட்டா அனாலிசிஸ்களை எடுத்து 2016-ல் ஒரு குழு பார்த்தது. அவற்றில் 54 கட்டுரைகளில், எந்த மருந்தை எடை போட்டார்களோ அந்த மருந்தைத் தயாரிக்கும் கம்பெனியின் ஊழியரே ஆசிரியராக இருந்தார். அந்த 54-ல் மருந்தைப் பற்றி எதிர்மறையாக ஒரு வரி வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட 22 மடங்கு குறைவு. மருந்தை விட்டுக் குளிர்பானத்துக்குப் போனாலும் இதே கதைதான். சர்க்கரை போட்ட பானம் உடல் எடையைக் கூட்டுமா என்று பார்த்த ரிவ்யூக்களை 2013-ல் அலசினார்கள். பானக் கம்பெனிகளோடு தொடர்பில்லாத 12 முடிவுகளில் 10 "கூட்டும்" என்றன. தொடர்புள்ள 6-ல் 5 "போதிய ஆதாரமில்லை" என்றன. கேள்வி எல்லாருக்கும் ஒன்றேதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

காக்ரேன் என்ற அமைப்பு இதற்காகவே கறாரான விதி வைத்திருக்கிறது. 1993-ல் தொடங்கியது, ஆர்ச்சி காக்ரேன் என்ற டாக்டரின் பெயரால். மருந்து, கருவிக் கம்பெனிகளின் பணத்தில் ரிவ்யூ எழுத அங்கே அனுமதி இல்லை. 2020-ல் இன்னும் இறுக்கினார்கள்: முதல் ஆசிரியருக்கும் கடைசி ஆசிரியருக்கும் சம்பந்தப்பட்ட பண உறவு எதுவும் இருக்கக் கூடாது, மொத்த ஆசிரியர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் இருக்கக் கூடாது. மீதி மூன்றில் ஒரு பங்கு ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் அது உறுத்தல்தான்.

இதுவரை பார்த்தது அகப்பை. இனி சட்டிக்கு வருவோம். ரிவ்யூ எழுதியவர்கள் சுத்தமான கைக்காரர்களாகவே இருக்கட்டும், அவர்கள் சேர்த்த சோதனைகளை யார் பணம் கொடுத்து நடத்தினார்கள்? இதைச் சொல்லும் பழக்கமே வெகு காலம் இருக்கவில்லை. பிரபல ஜர்னல்களில் வந்த 29 மெட்டா அனாலிசிஸ்களை 2011-ல் ஒரு குழு சோதித்தபோது, உள்ளே இருந்த சோதனைகளுக்குப் பணம் கொடுத்தது யார் என்று இரண்டே இரண்டுதான் சொல்லியிருந்தன. ரிவ்யூவின் தரத்தை அளக்கும் ஆம்ஸ்டார் 2 என்ற 16 கேள்விப் பட்டியலில் இப்போது இதற்கென்றே தனியாக ஒரு கேள்வி, பத்தாவது, இருக்கிறது. ரிவ்யூ எழுதியவர்களின் நல முரணுக்கு வேறு கேள்வி, பதினாறாவது.

நீங்கள் செய்ய வேண்டியது: "சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் விவரம்" என்ற அட்டவணையைத் தேடுங்கள். காக்ரேன் ரிவ்யூவில் ஒவ்வொரு சோதனைக்கும் தனிப்பெட்டி இருக்கும், யார் பணம் என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும். பேப்பரில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள், கம்பெனி ஒரு பக்கம், அரசு அல்லது பல்கலைக்கழகம் மறுபக்கம். அப்புறம் ஃபாரஸ்ட் பிளாட் என்ற படத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு செங்குத்துக் கோடு, ஒவ்வொரு சோதனைக்கும் குறுக்கே ஒரு சின்னக் கோடும் சதுரமும். சின்னக் கோடு நடுக்கோட்டைத் தொட்டால் வித்தியாசம் இருக்கிறது என்று அந்தச் சோதனையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அர்த்தம். கம்பெனிச் சோதனைகளை மட்டும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். சிவப்பெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அம்மாவின் குளுக்கோசமைனுக்கு இதைச் செய்து பார்த்தேன். 2005-ல் வந்த காக்ரேன் ரிவ்யூவிலேயே விஷயம் பட்டவர்த்தனமாக இருக்கிறது. ரோட்டா என்ற இத்தாலியக் கம்பெனியின் குளுக்கோசமைனைப் பயன்படுத்திய சோதனைகளில் வலி குறைந்தது, மற்றவர்களின் குளுக்கோசமைனைப் பயன்படுத்திய சோதனைகளில், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒரே பெயருள்ள மருந்து, இரண்டு விடை. ரோட்டா தயாரிப்பே வேறு ரகம் என்று ஒரு விளக்கம் உண்டு, அதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2006-ல் அமெரிக்க அரசுப் பணத்தில் 1,583 பேரை வைத்து நடந்த சோதனையில், மொத்தமாகப் பார்த்தால் போலி மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியவில்லை. 2010-ல் 10 சோதனைகளை, 3,803 பேரை, ஒன்றாக எடை போட்ட இன்னொரு மெட்டா அனாலிசிஸ் வந்தது. கம்பெனி சாராத சோதனைகளில் பலன் இன்னும் சிறிதாக இருந்தது என்பதையும் அது தனியாகக் கணக்குப் போட்டுக் காட்டியது.

எவ்வளவு சிறிது என்று அம்மாவுக்குக் காட்ட வேண்டியிருந்தது. வலியை அளக்க 10 செ.மீ. கோடு ஒன்று போடுவார்கள், ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்க முடியாத வலி, நோயாளி தன் வலியை அதில் புள்ளி வைத்துக் காட்ட வேண்டும். அந்த 2010 கணக்கில் குளுக்கோசமைனுக்கும் போலி மாத்திரைக்கும் வித்தியாசம் 0.4 செ.மீ. குறைந்தது 0.9 செ.மீ. இருந்தால்தான் நோயாளிக்கு உறைக்கும் என்று அவர்களே முன்கூட்டி எல்லை வைத்திருந்தார்கள். அம்மா முப்பது வருஷம் பிளவுஸ் தைத்தவர். பழைய தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் கோடு போட்டு, 4 மில்லிமீட்டரைப் பேனாவால் குறித்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கால் இஞ்சுகூட இல்லியேடா. தையலுக்கே நான் அரை இஞ்ச் விடுவேன்" என்றார். சித்தப்பா அனுப்பிய கட்டுரையின் சுருக்கத்தில் இதே மாதிரி ஒரு எண்ணைத்தான் "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" என்று எழுதியிருந்தார்கள். புள்ளியியலில் குறிப்பிடத்தக்கது என்றால் தற்செயலால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருவது அரிது என்று மட்டும்தான் பொருள். மாடிப்படி ஏற முடியும் என்று பொருள் கிடையாது.

அடுத்தது கஷ்டமான பகுதி: சட்டிக்குள் வராமலே போனவை. மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 சோதனைகளை 2008-ல் ஒரு குழு பின்தொடர்ந்தது. சாதகமான 38-ல் 37 ஜர்னலில் வந்துவிட்டன. பாதகமான அல்லது சந்தேகமான 36-ல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம் போலத் தோன்றும்படி எழுதப்பட்டு வந்தன, மூன்றுதான் உள்ளபடி வந்தன. ஜர்னல்களை மட்டும் நம்பி ரிவ்யூ எழுதும் நேர்மையான ஆளும் இதில் ஏமாந்துதான் போவார்.

டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ காய்ச்சல் மருந்தின் கதை இதற்கு அப்பன். 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது சென்னையில் அந்தப் பெயரைத் தெரியாத ஆள் கிடையாது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பரிசோதனை, கைக்குட்டை கட்டிக்கொண்டு பஸ் பயணம், எல்லார் வாயிலும் டாமிஃப்ளூ. அதே ஆண்டு ஜப்பானில் கெய்ஜி ஹயாஷி என்ற குழந்தைகள் டாக்டர் காக்ரேன் குழுவிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார். நிமோனியா போன்ற சிக்கல்களை மருந்து குறைக்கும் என்று உங்கள் ரிவ்யூ சொல்வதற்கு ஆதாரம் 2003-ல் வந்த ஒரே ஒரு தொகுப்பு. அதற்குப் பணம் தயாரிப்பாளரான ரோஷ் கொடுத்தது. அதிலுள்ள 10 சோதனைகளில் இரண்டுதான் பிரசுரமானவை. மீதி எட்டை நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. கேட்டு வாங்க ஆண்டுக்கணக்கில் இழுபறி. கடைசியில் சோதனைகளின் முழு அறிக்கைகள், லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள், கைக்கு வந்தன. 2014 ஏப்ரலில் முடிவு வந்தது: பெரியவர்களுக்குக் காய்ச்சல் அறிகுறிகள் 7 நாளில் போவது 6.3 நாளில் போகும், ஆஸ்பத்திரியில் சேர்வதைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரமில்லை, குமட்டலும் வாந்தியும் கூடும். அதற்குள் உலக அரசுகள் அந்த மருந்தைக் கிடங்கு கிடங்காக வாங்கி அடுக்கியிருந்தன.

நம் அளவுக்கு என்ன செய்யலாம்? ரிவ்யூவில் "பிரசுரமாகாத ஆய்வுகளைத் தேடினோமா" என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். சோதனைகளைத் தொடங்கும்போதே பதிந்து வைக்கும் பதிவேடுகளில் தேடினோம் என்று எழுதியிருந்தால் நல்லது. ரிவ்யூவுக்கே முன்பதிவு உண்டா என்றும் பாருங்கள். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் 2011 முதல் நடத்தும் ப்ராஸ்பெரோ என்ற ரிவ்யூ பதிவேட்டில் பதிவு எண் இருந்தால், ஆரம்பத்தில் எதை அளக்கப் போவதாகச் சொன்னார்கள், கடைசியில் எதை அளந்தார்கள் என்று ஒப்பிடலாம். இந்தியச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேடு 2007-ல் வந்தது, 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு இல்லை. அதில் முதன்மை ஸ்பான்ஸர் யார், பண உதவி யாருடையது என்று தனித்தனி வரிகளே இருக்கின்றன. மருந்தின் பெயரைப் போட்டுத் தேடி, முடிந்து பல வருஷமாகியும் எங்கேயும் கட்டுரையாக வராத சோதனைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது.

எதோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள். மனநோய் மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்ட சோதனைகளை 2006-ல் பார்த்தபோது, பத்தில் ஒன்பதில் பணம் கொடுத்த கம்பெனியின் மருந்தே ஜெயித்திருந்தது. அ என்பது ஆ-வைவிட மேல், ஆ என்பது இ-யைவிட மேல், இ என்பது அ-வைவிட மேல், பணம் யாருடையது என்பதைப் பொறுத்து. எதிராளி மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் நம்முடையது ஜெயிக்கும், அதிக அளவில் கொடுத்தால் அதன் பக்க விளைவு கூடித் தெரியும். எண்ணில் ஒரு பொய்யும் இல்லாமலே இதைச் செய்யலாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நானும் ஒருதலையாகப் பேசியவன் ஆவேன். கம்பெனிப் பணம் என்றாலே மோசடி கிடையாது. 75 கட்டுரைகளைத் தொகுத்த 2017 காக்ரேன் ரிவ்யூவில், கம்பெனி ஆய்வுகளில் சாதகமான முடிவுரை வரும் வாய்ப்பு சுமார் 1.3 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. ஆனால் வழக்கமான தர அளவுகோல்களில் அவை மட்டமாக இல்லை. யாருக்கு எந்த மாத்திரை என்பதை மறைப்பது போன்ற விஷயங்களில் மற்றவற்றைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். சாய்வு வருவது கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய்ச் சோதனையை யோசித்துப் பாருங்கள். 193 நோயாளிகள், பாதிப் பேர் சானடோரியம் எனப்படும் காசநோய் ஆஸ்பத்திரியில், பாதிப் பேர் மெட்ராஸின் நெரிசலான வீடுகளிலேயே, இருவருக்கும் ஒரே மாத்திரை. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், 1959-ல் முடிவு வந்ததும் உலகமே சானடோரியங்களை மூடத் தொடங்கியது. கட்டிலும் பாலும் முட்டையும் இல்லாமல் குணமாகுமா என்ற கேள்வியில் எந்தக் கம்பெனிக்கும் லாபமில்லை. அதைக் கேட்டது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும்.

இவ்வளவு மெனக்கெட நேரமில்லை என்றால் காக்ரேன் தளத்தில் மருந்தின் பெயரைத் தேடி, எளிய மொழிச் சுருக்கத்தைப் படியுங்கள், இலவசம். சிலவற்றுக்குத் தமிழிலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்பு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் விஷயம் புரியும். முழு ரிவ்யூவும் பொதுவாக வெளிவந்து 12 மாதத்தில் இலவசமாகத் திறந்துவிடும். கிளினிக் மேஜையிலிருந்து எடுத்து வந்த பளபள நோட்டீஸில் வரைபடத்துக்குக் கீழே "டேட்டா ஆன் ஃபைல்" என்று இருந்தால், அந்த ஆதாரம் கம்பெனியின் அலமாரியில் இருக்கிறது, நீங்கள் பார்க்க முடியாது என்று அர்த்தம். அதைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் பிரின்ட் அவுட்டைக் கொண்டுபோய் மேஜையில் போடவும் வேண்டாம், வெளியே நாற்பது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள், அவருக்கும் எரிச்சல் வரும். ஒரே கேள்வி போதும், நான் கேட்டது இது: "சார், இந்த ஒரு மாத்திரையை மட்டும் மூணு மாசம் நிறுத்திப் பார்க்கலாமா, ஏதாவது கெடுதல் உண்டா?" அவர் சீட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "தாராளமா நிறுத்துங்க. அதுல பெரிசா ஒண்ணும் தெரியாது. தொடைக்குச் சொன்ன எக்சர்சைஸை மட்டும் விட்டுடாதீங்கம்மா" என்றார். அம்மா அந்த எக்சர்சைஸை வாரத்தில் நாலு நாள் செய்கிறார், மீதி மூன்று நாள் செய்ததாகச் சொல்கிறார்.